புயலில் தூங்கியவன்

அன்று காலை துளசிங்கம் தானாகவே எழுந்துவிட்டான்.

அடுப்புக்குச் சுள்ளி பொறுக்கக் கரைக்கு வந்த வேலம்மா, கவிழ்த்துப் போட்டிருந்த பழைய தோணிக்கு அடியில் வழக்கம்போல் குனிந்து பார்த்தாள். கோரைப்பாய் மட்டும் கிடந்தது. புருஷனைக் காணோம். பதறிச் சுற்றிலும் தேடினாள். பிறகுதான் ஏரியில் இடுப்பளவு தண்ணீரில் நின்று அவன் தலை முழுகிக்கொண்டிருப்பது கண்ணில் பட்டது.

ஏரி கடலில் கலக்கும் முகத்துவாரத்தில் குப்பன் மூழ்கிச் செத்ததிலிருந்து ஏரியில் மீன் விழவில்லை; துளசிங்கமும் தூங்கிக்கொண்டே இருந்தான். கூப்பிட்டால் எழுந்து வந்து இரண்டு கவளம் தின்பான். மறுபடியும் தோணிக்கு அடியில் ஊர்ந்துபோய்ப் படுத்துக்கொள்வான். குப்பன் அவனுக்குச் சிறுவயதிலிருந்து கூட்டாளி என்பதால் துக்கம் என்று குப்பம் முதலில் நினைத்தது. அப்புறம் சோம்பேறித்தனம் என்றது. கடைசியில் குப்பனின் ஆவிதான் பிடித்துக்கொண்டது என்று முடிவுகட்டி, பூசாரியைக் கூட்டிவந்து வேப்பிலையால் அடிக்கச் செய்தது. அடி விழுந்துகொண்டிருக்கும்போதே துளசிங்கம் தூங்கிப்போனான்.

அப்படிப்பட்டவன் இன்று எழுந்துவிட்டான், அதுவும் சரியான நாளில். அன்று சாயந்திரம் பாடு எடுக்க வேண்டும்.

ஏரியில் யார் எங்கே முளை அடித்து வலை கட்டுவது என்பதை அந்தக் குப்பத்தில் சீட்டுத்தான் தீர்மானித்தது. ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு குறி கீறிய பனையோலைத் துண்டுகளைப் பானையில் போடுவார்கள். வீட்டுக்கு ஒருவர் கையை விட்டு எடுப்பார். கையில் வந்த இடம்தான் அந்தப் பருவத்துக்கு அவருடைய பாடு. எடுத்துக் கொடுப்பது அம்மன் என்பதால் யாரும் மாற்றிக்கொள்ளக் கூடாது. பானைக்கு வராத வீட்டுக்கு ஏரியில் இடம் கிடையாது; அப்புறம் அடுத்தவன் தோணியில் கூலிக்குத்தான் போக வேண்டும்.

"சாயந்திரம் நீயே கை வுடறியா?" என்று வேலம்மா பயந்து பயந்துதான் கேட்டாள்.

"பாக்கலாம். அதுக்கு முன்ன முகத்துவாரம் வரைக்கும் ஒருக்கா போய்ட்டு வரேன். முளை நிக்குதான்னு பாக்கணும்." ஈரம் சொட்டச் சொட்ட நின்றவன் சிரித்தான். "இனிமே ஏரிக்கு ஒண்ணும் ஆவாது வேலம்மா. உங்களுக்கெல்லாம் நல்லா மீன் வுழும், பாரு."

அவன் சிரித்துப் பார்த்து எவ்வளவு காலம் ஆகிவிட்டது! கையில் கட்டியிருந்த தாயத்தைக் கழற்றி அவளிடம் நீட்டினான். "கயிறு இத்துப்போச்சு. நீ வச்சுக்கோ" என்றான். அவள் அதை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டாள். நண்டுக்கூடையைத் தோணியில் ஏற்றி, மற்றப் பெண்களோடு பழவேற்காட்டுச் சந்தைக்குக் கிளம்பியபோது வழியெல்லாம் வாய் ஓயாமல் பேசினாள். வரும்போது வெல்லம் வாங்க வேண்டும், அவனுக்குப் பணியாரம் சுட வேண்டும் என்றாள். அவளுக்கே தன் குரல் புதிதாக இருந்தது.

ஒல்லாந்தர் கோட்டையின் அகழிக்கு இப்பால், படகுத்துறையை ஒட்டி மீன் சந்தை. வெயில் ஏறுவதற்குள் பூபதி அங்கே வந்துவிட்டான். பூபதி கோட்டைப் பாதிரியின் துபாசி. ஒல்லாந்தர் வேதத்தைத் தமிழில் எழுதப் பாதிரிக்கு உதவும் இளைஞன். வேதத்தில் வரும் சாமானுக்கெல்லாம் தமிழில் பெயர் கேட்டு அலைவதே அவனுக்குப் பொழுது. போன மாதம் தேர்ச்சக்கரத்தின் ஒவ்வொரு உறுப்புக்கும் பெயர் கேட்டுத் தச்சரிடம் ஏச்சு வாங்கினான். இன்று கையில் தாள்களோடு நண்டுக்கூடைகளுக்கு நடுவே வந்து நின்றான்.

"அக்கா, ஒரு ஆளை அப்படியே முழுசா முழுங்குற மீனுக்கு இன்னா பேரு?"

"எங்க மாமியாரு" என்றாள் ராஜாத்தி. வேலம்மாவுக்குப் பக்கத்தில் கடை போடுகிறவள் அவள்.

சிரிப்பு அடங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"விளையாடாதக்கா. வேதத்துல வருது."

"தம்பி, சுறா பாதி ஆளைத் துன்னும். முழு ஆளை எதுவும் முழுங்காது."

"இது முழுங்கிடுச்சு. அப்புறம் உயிரோட கரையில கக்கிடுச்சு."

"கக்கிடுச்சா? அவன் இன்னா அவ்ளோ கசப்பா?"

பூபதிக்கும் சிரிப்பு வந்தது. கதை என்று ஆரம்பித்துவிட்டால் அவனால் நிற்க முடியாது. கூடையைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டான்.

"ஒருத்தன் இருந்தான். கடவுள் அவன்கிட்ட ஒரு பட்டணத்தோட பேரைச் சொல்லி, அங்க போன்னாரு. அவனுக்குப் போகப் பிடிக்கலை. நேர் எதிர்த்திசையில போற கப்பலாப் பாத்து ஏறிட்டான். நடுக்கடல்ல புயல் வந்துடுச்சு. மாலுமிங்க சரக்கைத் தூக்கித் தண்ணியில வீசறாங்க. ஆளாளுக்கு அவங்கவங்க சாமியைக் கூப்பிட்டு அழறாங்க. இவன் மட்டும் கீழ்த்தட்டுக்குப் போய்ப் படுத்துத் தூங்கறான்."

"புயல்லயா?" என்றாள் ராஜாத்தி.

"புயல்லதான். கப்பல் தலைவன் வந்து உலுக்கி எழுப்பற வரைக்கும்."

"போடா. எழுதினவன் கடலைப் பாத்ததே இல்ல போல கீது. புயல்ல எவனாவது தூங்குவானா?"

"எனக்கும் அதே சந்தேகம்தான். பாதிரியைக் கேட்டேன். அந்த வரியைச் சட்டுனு தாண்டிப் போயிட்டாரு."

"தூங்குவான்" என்றாள் வேலம்மா.

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவள் கையில் கயிறு கட்டாத நண்டு ஒன்று கொடுக்கை விரித்துக்கொண்டிருந்தது. அவள் அதைக் கவனிக்கவே இல்லை.

"அலுப்புல வர தூக்கம் இல்ல அது" என்றாள். "உள்ள எதையோ போட்டு மூடிக்கினு தூங்கறது. அடிச்சாக்கூட எழுந்துக்க மாட்டான். எனக்குத் தெரியும். நீ சொல்லு தம்பி, அப்புறம்?"

பூபதி அவளையே பார்த்தான். இத்தனை நாள் பாதிரியும் அவனும் மல்லுக்கட்டியதெல்லாம் மீனோடு. எந்த மீன், எவ்வளவு பெரிது, வயிற்றில் மூச்சு எப்படி விட்டான்! தூங்கியவன் ஏன் தூங்கினான் என்ற கேள்விக்கு இந்தச் சந்தையில் பதில் இருந்தது.

"அப்புறம், இந்தப் புயல் யாரால வந்ததுன்னு பாக்க மாலுமிங்க சீட்டுப் போட்டாங்க."

"சீட்டா?"

"உங்க பாடு மாதிரிதான். சீட்டு இவன் பேருக்கு வுழுந்துச்சு. அது வரைக்கும்தான் தமிழ்ல எழுதியிருக்கேன். பாதிரிக்குக் காய்ச்சல். அவரு எழுந்ததும் மிச்சத்தை..."

"மிச்சம் உன் கையிலதானே கீது."

"இது ஒல்லாந்து பாஷைக்கா. நிதானமா உக்காந்து..."

"படிடா தம்பி!"

அந்தக் குரலுக்குப் பூபதி கட்டுப்பட்டான். தாளில் விரலை வைத்து, ஒவ்வொரு சொல்லாகத் தமிழில் இறக்கினான்.

"அவங்க கேக்கறாங்க. நீ யாரு? உன் தொழில் இன்னா? எந்த ஊருலேர்ந்து வரே? அவன் சொல்றான்... எனக்குத் தெரியும்... என்னாலதான் இந்தப் புயல் வந்துது. என்னைத் தூக்கி... தூக்கிக் கடல்ல போட்டுடுங்க. அப்போ கடல் அடங்கிடும். உங்களுக்கு ஒண்ணும் ஆவாது."

வேலம்மாவின் கையிலிருந்து நண்டு நழுவித் தரையில் ஓடியது.

இனிமே ஏரிக்கு ஒண்ணும் ஆவாது. உங்களுக்கெல்லாம் நல்லா மீன் வுழும். காலையில் கேட்ட அதே வார்த்தைகள். அவள் முந்தானை முடிச்சைத் தொட்டுப் பார்த்தாள். தாயத்து அங்கேதான் இருந்தது. தண்ணீருக்குப் போகும் எந்த ஆம்பிளை தாயத்தைக் கழற்றி வைப்பான்? அதை எப்படி வாங்கி முடிந்துகொண்டாள்? சிரித்தானே, அந்தச் சிரிப்பில் ஏமாந்துவிட்டாள்.

"ராஜாத்தி, கூடையைப் பாத்துக்கோ!"

துறையை நோக்கி ஓடினாள். ஓடியவள் பாதியில் திரும்பி வந்து பூபதியின் கையைப் பிடித்து இழுத்தாள்.

"நானா? நான் எதுக்குக்கா?"

"மிச்சக் கதை எனக்கு வேணும். வா!"

கடல் உள்வாங்கும் வத்த நேரம். ஏரித் தண்ணீர் முகத்துவாரம் வழியாகக் கடலுக்கு இறங்கிக்கொண்டிருந்ததால் தோணி தானாகவே வேகம் பிடித்தது. வேலம்மா பின்னால் நின்று கழியைச் சேற்றில் ஊன்றி ஊன்றித் தள்ளினாள். முன்னால் குந்திய பூபதி ஒரு கையால் தோணியின் விளிம்பையும் மறு கையால் தாளையும் பிடித்துக்கொண்டான். மூச்சுவிடும் இடைவெளிகளில் அவள் குப்பனைப் பற்றியும், தூக்கத்தைப் பற்றியும், காலையில் நடந்ததையும் சொல்லி முடித்தாள்.

"இப்போ படி. தூக்கிப் போட்டாங்களா அவனை?"

"இரு அக்கா, காத்துல தாள் ஆடுது... போடலை! போடலைக்கா! கரைக்குக் கொண்டுபோகப் பாத்தாங்களாம். இருக்கற பலத்தையெல்லாம் கூட்டித் துடுப்புப் போட்டாங்களாம்!"

"நல்ல ஜனங்க!" என்று கத்தினாள் வேலம்மா. யாரோ தெரியாத அந்த மாலுமிகளின் பலமும் தன் தோளில் வந்து சேர்ந்ததுபோல் இருந்தது. "அந்தத் துடுப்பை எடு. நீயும் போடு."

"படிக்கறதா, துடுப்புப் போடறதா?"

"ரெண்டும்!"

அவன் தாளைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு துடுப்புப் போட்டான். தண்ணீரைத் தள்ளியதைவிடத் தன்மேல் இறைத்துக்கொண்டதுதான் அதிகம். உடம்பெல்லாம் சிலிர்த்தது அவனுக்கு, பயத்தாலும் அதைவிடப் பெரிய ஏதோ ஒன்றாலும். எங்கோ ஒரு தேசத்தில், எந்தக் காலத்திலோ, யாரோ ஒருவன் இதே துளசிங்கத்தைப் பார்த்திருக்கிறான். இந்தத் தூக்கத்தைப் பார்த்திருக்கிறான். என்னை வீசிவிடுங்கள், எல்லாம் சரியாகிவிடும் என்று அமைதியாகச் சொல்கிற இந்தக் குரலைக் கேட்டிருக்கிறான். அதற்கு ஒரு கப்பலும் ஒரு புயலும் கட்டி எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறான். மனிதனின் உள்ளே போய்ப் பார்க்காமல் இதை எழுதியிருக்க முடியாது. வேதம் என்று இத்தனை நாள் படித்தோமே, ஒரு வரியாவது படித்தோமா!

"அடுத்த வரி!" என்றாள் வேலம்மா.

அவன் ஈரக் கையால் தாளை எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடியும் தொடைக்கு அடியில் செருகப் போனான்.

"சொல்லுடா."

"கரை சேர முடியலை. கடைசியில... போட்டுட்டாங்க."

கழி ஒருமுறை தப்பி, மறுபடியும் சேற்றில் ஊன்றியது.

"அப்போதான் மீன் வந்துச்சா?"

"அப்போதான்."

"வந்து முழுங்கலைன்னா அவன் முழுகிப் போயிருப்பான், இல்ல?"

பூபதி துடுப்பை நிறுத்திவிட்டான். "ஆமாம்" என்றான் மெதுவாக. பிறகு கத்தினான். "ஆமாம்க்கா! தண்டனை, தண்டனைன்னு பாதிரி சொல்லிக்கினே இருந்தாரு. தண்டனையே இல்ல! மீன்தான் காப்பாத்திச்சு!"

"துடுப்பைப் போடு. உள்ள போயி இன்னா பண்ணான்?"

"பேசறான். இந்தப் பக்கம் முழுக்க அதான். கப்பல்ல ஒரு வாட்டிகூட அவன் கடவுளைக் கூப்பிடலை. மீன் வயித்துல, அந்த இருட்டுல, பாசி தலையைச் சுத்திக்கிச்சு, தண்ணி கழுத்து வரைக்கும் வந்துச்சுன்னு எல்லாத்தையும் சொல்றான். சொல்லி முடிச்ச பிறகுதான் மீன் கக்குது."

வேலம்மாவுக்குக் கரையில் கவிழ்ந்து கிடக்கும் தோணி நினைவுக்கு வந்தது. அதன் உள்பக்கத்தில் வரிசையாக வளைந்த கட்டைகள், ஒரு பெரிய மீனின் விலா எலும்புகள் மாதிரி. அதற்குள் அவன் இத்தனை காலம் கிடந்தான், ஒரு வார்த்தை பேசாமல். அவளும் குனிந்து சோற்றுத் தட்டை நீட்டினாளே தவிர, என்ன ஆச்சு என்று ஒரு தடவை உள்ளே ஊர்ந்துபோய்க் கேட்கவில்லை.

முகத்துவாரத்தில் மணல்மேடு தெரிந்தது. அதற்கு இப்பால் வலை கட்டும் முளைகள். கடைசி முளையில் துளசிங்கத்தின் தோணி கட்டியிருந்தது. அவன் அதன் விளிம்பில், கால்களைத் தண்ணீரில் தொங்கவிட்டு, கடலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். அவன் காலுக்குக் கீழே கடலுக்குப் போகும் நீரின் இழுப்பு சுழித்துக்கொண்டு ஓடியது.

கூப்பிட வாயெடுத்த வேலம்மாவுக்கு எந்த வார்த்தையும் பொருந்தவில்லை. போகாதே என்றால் போய்விடுவான். அழுதால் தன்னாலேதான் அவளுக்கும் அழுகை என்று நினைத்துக்கொள்வான். சட்டென்று, மாலுமிகள் கேட்டதுதான் அவள் வாயில் வந்தது.

"யோவ்! நீ யாரு?"

துளசிங்கம் திடுக்கிட்டுத் திரும்பினான்.

"உன்னைத்தான். நீ யாரு? உன் தொழில் இன்னா? எந்த ஊரு உனுக்கு?"

"வேலம்மா? உனக்கு இன்னா ஆச்சு? புத்தி பிசகிடுச்சா?"

"கேட்டதுக்குப் பதில் சொல்லுய்யா."

அவன் அவளையும், சொட்டச் சொட்ட நனைந்து உட்கார்ந்திருந்த பூபதியையும் மாறி மாறிப் பார்த்தான். "துளசிங்கம்" என்றான் கடைசியில். "வலை கட்றவன்."

தோணி தோணியை இடித்தது. அவள் தாவி ஏறி அவன் பக்கத்திலேயே, அதே விளிம்பில், தண்ணீரில் காலை விட்டு உட்கார்ந்தாள். அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"குப்பன் முழுகின இந்தப் பாடு நெசமா யாருக்கு வுழுந்துது?"

அவன் முகம் கோணியது. கையை உருவப் பார்த்தான். அவள் விடாமல் பிடித்திருந்தாள்.

"எனுக்கு" என்றான். "எனுக்குத்தான் வுழுந்துது. இந்த இழுப்பைக் கண்டா எனுக்கு எப்பவுமே பயம். ஓலையைப் பாத்ததும் கை நடுங்கிடுச்சு. குப்பன் பாத்துட்டான். பயந்தாங்கொள்ளி, எங்கிட்ட குடுடான்னான். துண்டுக்கடியில மாத்திக்கினோம். ஒருத்தனும் பாக்கலை. அம்மன் என்னைத்தான் கூப்பிட்டா வேலம்மா. நான் எனுக்குப் பதிலா அவனை அனுப்பிட்டேன்."

அவன் பேச ஆரம்பித்ததும் நிறுத்த முடியவில்லை. குப்பன் சிரித்தபடி தோணியைத் தள்ளியது, போய்வரேன்டா என்று கத்தியது, அந்தக் குரல் தூக்கத்தில் மட்டும்தான் கேட்காமல் இருந்தது, எல்லாம் வெளியே வந்தன. வேலம்மா அதற்கு ஒன்றும் சமாதானம் சொல்லவில்லை. கேட்டாள். வத்தம் ஓய்ந்து தண்ணீர் அசையாமல் நிற்கும் வரை கேட்டாள். பிறகு முந்தானையை அவிழ்த்துத் தாயத்தை அவன் கையில் கட்டினாள்.

"இதை ஊருல சொல்லணும்" என்றான் அவன். "முத்தம்மா இருக்கற இடத்துல சொல்லணும்." முத்தம்மாள் குப்பனின் பெண்சாதி.

"சொல்லு. பானை உக்கார நேரமாச்சு."

அம்மன் கோயில் முன்பு குப்பமே கூடியிருந்தது. பெரியதனக்காரர் சகாதேவன் பானையைக் குலுக்கக் கையெடுத்தபோது துளசிங்கம் நடுவில் போய் நின்று, சீட்டை மாற்றியதைச் சொன்னான். இரைச்சல் கிளம்பியது. "மாத்தினியா? அதான் மீனே வுழலை!" என்று யாரோ கத்தினார்கள். சகாதேவன் கையைத் தூக்கி அடக்கப் பார்த்தார்.

அதற்குள் முத்தம்மாள் எழுந்துவிட்டாள். கூட்டம் தானாகவே அடங்கியது.

"எனுக்குத் தெரியும்" என்றாள். "நான்தான் சொல்லி அனுப்பினேன். துளசிங்கத்துக்கு முகத்துவாரம் வுழுந்தா வாங்கிக்கோ, அவன் பயப்படுவான், குடுத்துடுவான்னு. அங்கதான் எறா அள்ளலாம்னு நான்தான் சொன்னேன்." அவள் கண்கள் குழிந்து கிடந்தன. "நீ தூங்கிக்கினே இருந்தே. எனுக்குத் தூக்கமே வரலை, அண்ணே. ரெண்டு பேரும் ஒரே தோணியிலதான் இருந்தோம் போல கீது."

துளசிங்கம் கையெடுத்துக் கும்பிட்டான். அவள் ஓங்கி அழுதாள். குப்பன் இறந்த நாளில்கூட அவள் அப்படி அழவில்லை.

"அன்னிக்குக் காத்து திரும்பும்னு எனுக்குத் தோணிச்சு" என்றார் பின்வரிசையில் தருமன், யாரையும் பார்க்காமல். "சொல்ல வந்தேன். சொல்லலை."

சகாதேவன் பானையின் வாயைத் தடவிக்கொண்டு நின்றார். தொண்டையைச் செருமினார். "முகத்துவாரத்து முளை இத்துப்போயிருந்துச்சு. மாத்தணும்னு நெனச்சேன், மாத்தலை" என்றார். "இன்னும் யாரு யாரு சொல்லணுமோ சொல்லிடுங்க. அப்புறம்தான் பானை."

கூட்டத்தின் ஓரத்தில் பூபதி வாயைப் பிளந்து நின்றான். புயல் யாரால் வந்தது என்று கேட்ட கப்பலில் ஒருவனுக்குச் சீட்டு விழுந்தது. இங்கே கேட்காமலே ஒவ்வொருவராக என்னால்தான் என்றார்கள். அவன் தன் தாளில் எழுதியிருந்த பாதியையும் மறுபடி எழுத வேண்டும். இன்றைக்கே ஆரம்பிக்க வேண்டும்!

பிறகு பானை வந்தது. துளசிங்கம் கையை விட்டு எடுத்த ஓலையை எல்லோருக்கும் தெரியத் தூக்கிப் பிடித்தான். கரையோரத்துச் சேற்றுத்திட்டு. நண்டைத் தவிர எதுவும் வராத இடம். குப்பம் சிரித்தது, அவனும்தான். குப்பன் வீட்டுக்காக முத்தம்மாள் எடுத்தாள். ஓலையைப் பார்த்தவள் அப்படியே நின்றாள். சகாதேவன் வாங்கிப் பார்த்துவிட்டுத் தாழ்ந்த குரலில் சொன்னார்.

"முகத்துவாரம்."

ஆம்பிளை இல்லாத வீட்டுக்கு விழுந்த இடத்தில் ஊரறிய ஒருவர் வலை கட்டித் தரலாம் என்பது வழக்கம். யார் என்று சகாதேவன் கேட்கவில்லை. முத்தம்மாள்தான் ஓலையைத் துளசிங்கத்திடம் நீட்டினாள்.

"போறியா அண்ணே?"

அவன் கை நடுங்கியது. எல்லோரும் பார்க்கும்படியே நடுங்கியது.

"பயமா கீது" என்றான். "போறேன்."

வேலம்மா பூபதியைத் தேடிப் பிடித்தாள். "தம்பி, உன் ஆளு கடைசியில அந்தப் பட்டணத்துக்குப் போனானா?"

பூபதி கசங்கிய தாளை மாலை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துத் தேடினான். "போனான்க்கா, போனான்! ஆனா போயும் ஏதோ கோவமா உக்காந்துக்கினு கீறான். வெயிலு, ஒரு செடி வாடிப்போச்சுன்னெல்லாம் வருது. எனக்கே சரியா புரியலை."

"கோவம் இருக்கும்" என்றாள் வேலம்மா. "நாளைக்குக் காலையில சந்தைக்குக் கொண்டாந்துடு. பாக்கலாம்."